எழுபது

கூண்டின் இடது தூணில் சாக்கட்டியால் எழுதினேன்:
எழுபது.
மார்ச் மாதம். சோம்பத்ஹேய் மைதானத்தின் புல்
இன்னும் பனிக்கு அடியில் கிடந்தது.
பிரோஷ்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
இரவெல்லாம் ரொட்டி அடுப்பின் முன் நின்றவள்,
காதோரம் மாவு.

பிள்ளை பெற்றுப் பதினோரு மாதம்.
என்னைவிட நான்கு வயது மூத்தவள்.
பயிற்சியாளர் சான்றிதழ் என்னிடம், சட்டம் போட்டு.
முதுகுவலி அவளிடம்.

இலக்கு கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும்,
எட்டிவிடும்போல் தோன்றவும் வேண்டும்:
எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.
ஐம்பத்தெட்டு மீட்டர் எறிகிறவளுக்கு
எழுபது என்பது எந்தப் பக்கம்,
அதைச் சொல்லித்தரவில்லை.

ஏப்ரல் முழுக்கச் சங்கிலிக்குண்டு
வலையிலேயே போய் மோதியது.
மூன்றாம் சுற்றில், பிடி விடுமுன்பே,
அவள் கண் மட்டும் முந்தி ஓடி
நான் நட்ட சிவப்புக் கொடியில் உட்கார்ந்துகொள்ளும்.
உடல் பின்னால் நொண்டி வரும்.
நான் கத்துவேன்: "எழுபது, பிரோஷ்கா, எழுபது!"
வட்டிக்காரன்கூட அத்தனை முறை கேட்டிருக்கமாட்டான்.

மே மாதம் ஒரு வியாழன்
மழை விட்ட கையோடு வந்தாள்.
தூணில் எண் கரைந்து வழிந்திருந்தது.
"திரும்ப எழுதாதே வெண்டெல்,
சாக்கட்டியைப் பையில் போடு."
வலது மணிக்கட்டில் சுற்றிய பிளாஸ்திரியில்
பேனாவால் இரண்டே சொல்:
வலது பாதம்.

அன்று எறிந்த ஒவ்வொரு முறையும்
குண்டு போன திசையைப் பாராமல்
என் பக்கம் திரும்பினாள்:
"பாதம் எப்போது இறங்கியது?"
பிந்தி, என்றேன்.
பிந்தி.
கொஞ்சம் பிந்தி.
இருபத்து மூன்றாவதில் அவள் கேட்கவில்லை.
சிமெண்டில் ஷூ உரசிய சத்தத்திலேயே
இருவருக்கும் தெரிந்துவிட்டது.
தூரத்தில், ஈரப் புல்லில், தொப்பென்று ஒன்று.

அளவுநாடாவை எடுத்தேன்.
"காப்பகம் ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள்"
ஓடிவிட்டாள்.

தனியே அளந்தேன். அறுபத்து மூன்று, நாற்பது.
கொடிக்கு இன்னும் தூரம்.
நல்ல தூரம்.
குழியில் அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

கூண்டைப் பூட்டும்போது
அவள் உரித்துப் போட்ட பிளாஸ்திரி
செருப்பில் ஒட்டி வந்தது.
பிய்த்தபோது மேல் சுற்று பிரிந்தது.
அடிச் சுற்றில், வியர்வையில் ஊறி,
பாதி அழிந்த இன்னொரு கையெழுத்து:
எழுபத்து நான்கு.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள்.
கொடியை எங்கே காணோம் என்று கேட்கவில்லை.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
"பாதம்" என்றேன்.