வலப்பக்கம்

சங்குக் கணக்கு எழுதின நோட்டு.
இடப்பக்கம் முழுக்க காக்கா எடுத்தவை:
நல்லது இருநூற்றுப் பத்து, புழு அரித்தது பதினாறு,
படகுப் பங்கு, கம்ப்ரசர் வாடகை போக மிச்சம்.
கடைசித் தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை.
அன்றைக்குத்தான் அவசரமாக மேலே வந்தான்,
இடுப்புக்குக் கீழே உள்ளதைக்
கடலிலேயே விட்டுவிட்டு.

வலப்பக்கம் வெறும் தாள்.

"தினமும் ராத்திரி மூணு நல்லதை எழுதுங்க"
என்றார் கீழக்கரை ஆஸ்பத்திரியில் ஆலோசகர் தெரசம்மாள்.
மூத்திரப் பை வாங்கப் போயிருந்தேன்.
"நீங்க எப்படி இருக்கீங்க?"
இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வி
எனக்கென்று வந்தது அதுதான் முதல்.
பதில் தெரியாமல்
பையின் விலையைச் சொன்னேன்.

முதல் ராத்திரி:
1. கரண்ட் போகவில்லை.
2.
3.

நாலாம் நாள்:
சோளகக் காற்று, கொசு இல்லை.
முதுகுப் புண்ணின் ஓரம் சிவந்து தோல் கட்டுகிறது.
மருந்துக் கடையில் பாக்கி கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள்:
கோபம் வந்தது.
அவன் தூங்கிய பிறகு வந்தது.
(இதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.
சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.)

எழுதாத நாட்களும் உண்டு.
கத்திரி வெயிலில் ஒரு மதியம்
இந்த நோட்டாலேயே அவனுக்கு விசிறினேன்.
நோட்டுக்கு அன்று அவ்வளவுதான் வேலை.

எழுதினால் புண் ஆறிவிடுமா?
இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க
இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.
கடுப்பாகவே கேட்டேன்.
"சரி, கையைத் தேடுவோம். யார் இருக்கா?"
ஒரு பெயர்தான் தேறியது, அதுவும் அரைமனதாக:
ஐஸ் வண்டி ஓட்டும் காசிலிங்கம்.

வெள்ளிக்கிழமை வந்தான்.
"தொழுதுட்டு அப்படியே கடக்கரையில உக்காந்துட்டு வா.
அவசரமில்ல."

உட்கார்ந்தேன்.
ஏர்வாடிப் பக்கம் ஒரு வத்தை போனது.
அதை எண்ணவில்லை.
எதையுமே எண்ணவில்லை.

திரும்பினால்
காக்காவின் மார்மேல் நோட்டு கிடக்கிறது.
காசிலிங்கம் வாசித்துக் காட்டியிருக்கிறான், படுபாவி.
"என் பேரே இல்லையேடா இதுல."
தேடிப் பார்த்தேன். இல்லைதான்.
புண் இருந்தது, தூக்கம் இருந்தது,
அவன் இல்லை.

அன்றிரவு அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.
சொன்னது: செய்யது நெய்னா.
ஒன்று, தம்பி கடலுக்குப் போய்வந்தான்.
இரண்டு, அவன் சட்டையில் உப்பு வாடை.
மூணாவதை நாளைக்கு வச்சுக்குவோம் என்றான்.

மணி பார்த்தேன், பதினொன்று.
தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து
அவனை
வலப்பக்கம் புரட்டினேன்.