தாளுக்கு வெளியே

டிக்கோயாவில் கரண்ட் இல்லாத இரவு.
மெழுகுதிரி, போன வருட வினாத்தாள்:
சமபக்க முக்கோணம், உச்சிக்கொன்றாய் மூன்று நேரேற்றம்,
மையத்தில் இன்னொன்று, அதுவும் நேர்.

விசைக்கோர் அம்பு கீறினேன்.
கிடைக்கூறு, நிலைக்குத்துக்கூறு. சைன் முப்பது அரை.
கூட்டினால் பூச்சியம்.

"அப்ப அதுக்கு ஒன்னுமே நடக்கல" என்றாள் ஜெனிட்டா,
அட்டைக்கடியில் உப்புத் தேய்த்தபடி.

மூன்று பேர் தள்ளுகிறார்கள், ஜெனிட்டா.

வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன்,
திருப்பித் தள்ளின.
கீழே இழுத்தேன்,
மறுபடி மையத்துக்கே.
லயத்துத் தகரத்தில் மழை வலுத்தது.

பிறகு மூன்றாம் அச்சொன்று சேர்த்து
அதைத் தாளிலிருந்து
ஒரு நூல் உயரம் தூக்கி எழுதினேன்.
அம்புகள் மூன்றும் சாய்ந்து நிமிர்ந்தன.
அதே மூன்று விசைதான்,
மேலே தள்ளுகின்றன.

இதற்குப் புள்ளி கிடையாது.
வினா தாளோடு முடிகிறது.