விளம்பரத்தின் இடது பாதி

பொழியூரில் பந்தை ஓங்கி உதைத்தால்
நீரோடியில் போய் விழும்.
எடுத்துவர ஓடுகிறவன் மாநிலம் தாண்டுகிறான்
செருப்பில்லாமல்.
அந்த மணலில் பழகியது என் இடது கால்.

பதினோரு சீசன் லெஃப்ட் பேக்.
மூன்றாவது சீசனில் ஒரு முகப்பூச்சுக் கம்பெனி கூப்பிட்டது.
கொச்சியில் ஸ்டூடியோ, குளிரடிக்கும் அறை.
என் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு தடவினார்கள்.
இருந்தது போதாதாம்.
படத்தின் இடது பாதி நான்: ‘முன்’.
வலது பாதி யாரோ: ‘பின்’.
அந்தக் காசில்தான் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டோம்.

அம்மா மீன்கூடையோடு
பாறசாலை பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில்
இருபதடி உயரத்துக்கு என்னை ஒட்டியிருந்தார்கள்.
“நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாத்தணும்?”
என்றாளாம் கண்டக்டரிடம்.
கூடை நாறுது, பின்னால போ
என்றானாம் அவன்.

பிறகு அந்த ராத்திரி.
எண்பதாம் நிமிடம், எங்களுக்குக் கார்னர்.
கேலரி குரங்குச் சத்தம் போட்டது
எங்கள் ஸ்டாப்பரைப் பார்த்து.
டாக்காரிலிருந்து வந்த இத்ரிசா
காது கேளாதவன்போலக் குனிந்து
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், கட்டினான்,
அவிழ்த்தான்.
எனக்குத் தெரியும் அந்தக் கயிற்றை.
பதினாறு வயதில், செலக்‌ஷனுக்குப் போன இடத்தில்,
‘கடப்புறத்துக் கரிக்கட்டை’ என்று காதில் விழுந்தபோது
நானும் கட்டியிருக்கிறேன்.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கோட்டின்மேல் உட்கார்ந்தேன்.
வீரமெல்லாம் இல்லை. முழங்கால் நடுங்கிற்று,
அதனாலும்தான் உட்கார்ந்தேன்.
நான்கு நிமிடம். மஞ்சள் அட்டை. அபராதம்.
“உன்னையா சொன்னான்?” என்றார் கோச்.
ஆமா என்றேன்.

சங்கத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
கவனத்தில் கொள்ளப்பட்டது.
அடுத்த சீசன் முழுக்க பெஞ்ச்.
இத்ரிசா ஊர் திரும்பிவிட்டான்,
பெருநாளுக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜ் வரும்.
என் பெயரை அவன் இன்னும் ‘கிளித்தூஸ்’ என்றே சொல்கிறான்.

இப்போது பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள்.
எத்தனை கோல் சார்? என்பார்கள்.
லெஃப்ட் பேக்குக்கு ஏது கோல்,
மொத்தமே இரண்டு,
அதில் ஒன்று சேம் சைடு.
அப்புறம் பழைய விளம்பரத்தை மேசையில் விரிப்பேன்.
மடிப்பு விழுந்து விழுந்து
நடுவில் கிழிந்திருக்கிறது.

போன வாரம் கொல்லங்கோட்டில்
கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.
இதுக்கு ரூவா வாங்கினியளா சார்?
வாங்கினேன்.
எவ்வளவு?
டீச்சர் அவளை உட்காரச் சொன்னார்.
நான் தொகையைச் சொன்னேன்.
அவள் அதை
கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள்.