பணக்கார வியாதி

அப்பாவின் குதிகால் நரம்பில் இரண்டு கட்டிகள்.
செருப்பு வார் உரசுகிறதென்று
வெறுங்காலோடு இலை எடைக்குப் போவார்.
முப்பத்தெட்டு வயதில் தராசுப் பக்கம் உட்கார்ந்தவர்
எழவில்லை.
கொழுப்பு என்றார்கள்.
லைனில் சிரித்தவர்களும் உண்டு:
ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றவனுக்குப்
பணக்கார வியாதியாம்.

கப்பலில் வந்த டிரங்குப் பெட்டியையும்
இந்த இரத்தத்தையும் விட்டுப்போனார்.
என் விரல் முட்டிகளில் அதே மஞ்சள்.

கோத்தகிரியில், நாள் தள்ளியதைச் சொன்ன அன்றே
டாக்டர் நஸ்ரீன் மாத்திரை அட்டையை வாங்கி
இழுப்பறையில் போட்டார்.
"இது பிள்ளைக்கு ஆகாது."
எனக்கு ஆகுமே, என்றேன்.
"ஆகும்" என்றார்.
வெளியே யாரோ முப்பத்தொன்றாம் டோக்கனைக்
கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஐந்தாம் மாதம் கொழுப்பு இருமடங்கு.
ரெண்டு உயிருக்குத் தின்னணும் என்று
மாமியார் முட்டை அவித்து நீட்டுகிறார்.
முட்டையில் இல்லை அத்தை, என்கிறேன்,
முட்டையிலும் இருக்கிறதுதான், ஆனாலும்
அதில் இல்லை.

ஏழாம் மாதம்
பஸ்ஸிலிருந்து வீட்டுக்குள்ள எண்பத்து நாலு படி
மூன்றாக உடைந்தது.
பிலோமினாக்கா வீட்டுக் கல்லில் ஒருமுறை,
தண்ணீர்க் குழாயடியில் ஒருமுறை
உட்கார்ந்து ஏறுகிறேன்.

மாதம் ஒருதரம் கோயம்புத்தூர்.
தவசீலன் இரவல் ஜீப்பை மெல்ல இறக்குவான்.
கொண்டை ஊசி வளைவில் மார்பில் ஏதோ இறுகும்.
பயமா, பிள்ளை உதைக்கிறதா,
அப்பாவா.
நாக்கடியில் வைக்கும் மாத்திரை
முந்தானை முடிச்சில்.

எக்கோ அறை இருட்டு.
என்னுடையது ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் கேட்டது.
வால்வருகே தடிப்பு, என்று எழுதினார்கள்.
அடுத்த அறையில் அதனுடையது:
பண்டிகைக்கு முதல்நாள் தையல் மெஷின்.

இதற்கும் வருமா?
"பாதிக்குப் பாதி.
பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்ப்போம்."
நான் இலைக் கணக்கு எழுதுகிறவள்.
மழை நாளில் ஈரத்துக்கென்று
மூட்டைக்கு இவ்வளவு கழிப்பேன்,
பெண்கள் வைவார்கள்.
இதில் எதைக் கழிக்க, யாரை வைய.

நேற்று ராத்திரி
விலாவுக்குக் கீழே சின்னதாய் ஒன்று முட்டி நகர்ந்தது.
குதிகாலாக இருக்க வேண்டும்.
விளக்குப் போடாமல், தோலுக்கு மேலாக
விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்,
கட்டி இருக்கிறதா என்று.
பிள்ளை காலை இழுத்துக்கொண்டது.

என்ன தேடுறே, என்றான் தவசீலன் தூக்கத்தில்.
செருப்பு அளவு, என்றேன்.