எம்ரிஸின் எல்லை

ஒரே இரவில்
புல்வெளியைப் பாய்போலச் சுருட்டி
ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தது.

முதலில் ஹெவினின் நாயைத்தான் சந்தேகித்தேன்.
பதினான்கு வயதுக் கிழம்,
படியிறங்கவே தூக்கிவிட வேண்டும்.
அதன் முகத்தைப் பார்த்ததும்
புகாரை விழுங்கிக்கொண்டேன்.

இரண்டாம் இரவு விளக்கணைத்து
குளியலறை ஜன்னலோரம் நின்றேன்.
வேலிக்கடியிலிருந்து வந்தது ஒரு வெள்ளை முகம்,
கண்களின் மேலே இரண்டு கறுப்புப் பட்டை,
வாடகை வசூலிக்க வந்தவரின் நடை.
வளைக்கரடி.
மூக்கால் மண்ணை விசாரித்து
நகத்தால் புல்லைப் புரட்டி
கொழுத்த புழுக்களைச்
சப்புக்கொட்டித் தின்றது.
கண்ணாடி வழியே கேட்ட சத்தம்
அப்படியே எம்ரிஸ் சூப் குடிப்பது.

சட்டம் அதன் கட்சி.
கவுன்சில் அலுவலகப் பெண்
பாட்டுப்போல ஒப்பித்தாள்:
கொல்லக்கூடாது, பிடிக்கக்கூடாது,
வளையை அடைக்கக்கூடாது.
பார்க்கலாமா என்றேன்.
பார்க்கலாமாம்.

கடைக்காரர் ஒரு டப்பா விற்றார்,
சிங்கத்தின் சாணமாம், உருண்டை உருண்டையாக,
பதினெட்டு பவுண்டு.
கார்மார்த்தன் மழையில்
இரண்டு நாள் கர்ஜித்துவிட்டு
கரைந்துபோனது சிங்கம்.
பிறகு ரேடியோவை வைத்தேன் கொட்டகையில்.
கடல் வானிலை அறிக்கையைக்
கடைசிவரை கேட்டபடி
என் டூலிப் கிழங்குகளைத் தோண்டி முடித்தது.

ஞாயிறன்று வேலிக்கு அந்தப் பக்கம்
ஹெவின் தொண்டையைச் செருமினார்.
"ஒரு வைத்தியம் உண்டு, எலினெட்.
சொல்லத்தான் வாய் கூசுது."
சொல்லுங்கள்.
"ஆம்பளை மூத்திரம். வேலியோரம், தினம் ராத்திரி.
பொம்பளைங்களுது பலிக்காதாம்."
இருவரும் வெகுநேரம்
ஒரு ரோஜாச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதில் பூவில்லை.
நாயைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார்.
நான் போகவில்லை.

முப்பத்தோரு வருடம்
பத்தரை மணிக்குப் பின்கதவு திறக்கும்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு, மழையென்றால் குடையோடு
எருக்குழி வரை ஒரு நடை,
அங்கிருந்து வேலியோரமாக
கொஞ்சம் கொஞ்சமாக நின்று நின்று.
வீட்டுக்குள் இரண்டு கழிப்பறை இருக்கிறது, எம்ரிஸ்.
"நட்சத்திரம் பார்க்கிறேன்."
நம்ம ஊரில் ஏது நட்சத்திரம்,
மேகத்தைத்தானே கூரையாகப் போட்டிருக்கிறார்கள்.
பாதிரியாரின் மனைவி
மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள் ஒருநாள்.
அந்தக் கோடை முழுக்கத்
தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
மிருகம் என்றேன் அவரை.
ஒருமுறை அல்ல.

மார்ச்சில் போனார்.
ஏப்ரல் மழை, மே மழை,
ஜூலையின் அந்தப் பெரிய மழை.
அக்டோபர் மூன்றாம் வாரம் வரை
தாக்குப்பிடித்திருக்கிறது.

இதை ஹெவினிடம் சொல்லவில்லை.
வேறு யாரிடம் சொல்வது?

நேற்றுப் பத்தரைக்கு
வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.
ஒரு இருமல். நீண்ட அமைதி. மறுபடி இருமல்.
பாவம், எழுபத்திரண்டு வயது.
நான் விளக்கைப் போடவில்லை.

பதினொன்றுக்கு அது வந்தது.
ஹெவினின் எல்லையை முகர்ந்தது,
அனுபவசாலிபோல இன்னொருமுறை முகர்ந்தது,
தாண்டி நடந்து
நேராகக் கேரட் பாத்திக்குப் போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தனியாகச் சிரித்தால் வீட்டில் எதிரொலிக்கிறது,
அது எனக்குத் தெரியாது.

பின்கதவருகே இன்னும் அந்த பூட்ஸ்,
ஒன்பதாம் நம்பர்.
காலை விட்டேன், உள்ளே ஒரு காய்ந்த இலை.
தளக் தளக்கென்று எருக்குழி வரை நடந்தேன்.
அது தலைதூக்கிப் பார்த்தது,
ஓடவில்லை, வாயில் கேரட்.

நான் மேலே பார்த்தேன்.
நான்கு இருந்தன.
ஐந்தாவது விமானமாக இருக்கலாம்.