கரைதல்

அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தில்
காக்கா உப்பால் வீடு கட்டியது.
எட்டாம் பக்கம் மழை.
ஒன்பதாம் பக்கத்தில் வீடில்லை.
நம்பு ஒவ்வொரு முறையும் அங்கேதான் சிரிப்பான்:
"லூசுக் காக்கா."

நானும் சிரித்தவள்தான், இரண்டாம் வகுப்பில்.
நீதி: கல்லால் கட்டு.

ஆவணியில் பெய்யாது என்றார் சூப்பர்வைசர்.
பெய்தது,
வாலிநோக்கம் முழுக்க, விடிய விடிய.
தார்ப்பாய் எட்டாத ஏழு பாத்தி,
மறுநாள் வார இருந்த வெள்ளை.
காலையில் போய்ப் பார்த்தால்
பாத்தி நிறைய வானம்.

செல்வராணி தலையில் கைவைத்து
வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
திங்கட்கிழமை வட்டிக்காரன் வருவான்.
அவனிடம் கதை சொல்ல முடியாது.

குனிந்து ஒரு விரல் தொட்டு
நாக்கில் வைத்தேன்.
இருந்தது.
ஒரு கல்லும் குறையாமல் இருந்தது.
குவியல்தான் இல்லை.

புத்தகத்தில் காக்கா கத்தாது,
கரையும்.
வீடும் கரையும்.
கூப்பிடுவதற்கும் இல்லாமல் போவதற்கும்
ஒரே சொல்லை வைத்தவர்
எந்த மழையில் நின்றிருந்தாரோ.

சாமி என்று நான் பெரிதாக
யாரையும் நினைத்ததில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரில் நின்றேன்.
குதிகால் வெடிப்பு எரிந்தது.
ஏறவில்லை.

ராத்திரி நம்பு கேட்டான்,
அன்றைக்குத்தான் முதல் தடவையாக:
"வீடு எங்கம்மா போச்சு?"

ஒன்பதாம் பக்கத்தை அவன் பக்கம் திருப்பினேன்.
வெறும் நீலம் அடித்திருந்தது.
"நக்கிப் பாரு."
நக்கினான்.
"பேப்பரும்மா."

"இன்னொரு தடவை."