தலை முறிந்த போல்ட்

சாவியை அவன் ஜொகூருக்குக் கொண்டுபோய்விட்டான்.
டாட்சன் மட்டும் செந்தூல் அடுக்குமாடிக்குக் கீழே
குப்பைத் தொட்டி ஓரமாய்
கழுத்தை இடப்பக்கம் ஒடித்துப் பூட்டிக்கொண்டு
நான்கு மாதமாய் நின்றது.
தீர்ப்பில் வண்டி எனக்கு.
தீர்ப்பில் சாவியைப் பற்றி ஒரு வரி இல்லை.

பூட்டு மாற்ற நானூற்றைம்பது வெள்ளி என்றான் போமன்.
நானூற்றைம்பது வெள்ளிக்கு
எத்தனை தேங்காய் துருவ வேண்டும் என்று
அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.
லிம் பூன் கியாட் கடையில்
இருபது வெள்ளி முன்பணம் கட்டி
புல்லரும் சாக்கெட்டும் வாங்கி வந்தேன்.

'இங்கு வாகனம் பழுதுபார்க்கத் தடை.'
அந்தப் பலகையின் ஆணியில்தான் டார்ச்சை மாட்டினேன்.
காவலுக்கு நிற்கும் தாபா
பார்க்காததுபோல் இரண்டு சுற்று வந்தார்.
மூன்றாம் சுற்றில் சுத்தியலை எடுத்துக்கொடுத்தார்.

முதலில் ஹாரன் மூடி.
அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு பித்தளை வளையம்.
பிறகு நட்டு. பிறகு
முப்பது வருஷத் துருவிலிருந்து
ஸ்டீரிங் சக்கரம் ஒரு கெட்ட வார்த்தைபோல் விடுபட்டு
என் மோவாயில் இடித்தது.
சிக்னல் சுவிட்சின் ஒயர்கள் ஏழு.
நிறம் எல்லாம் ஒரே பழுப்பு.
யஷ்வினியின் கணக்கு நோட்டைக் கிழித்து
எண் எழுதி ஒட்டினேன்.

பூட்டைத் தண்டோடு பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள்.
அவற்றுக்குத் தலை இல்லை.
இருந்தது. ஆலையில் இறுக்கிய அன்று
ஓர் அளவு தாண்டியதும்
தலை தானாக முறிந்து விழும்படி
செய்து வைத்திருக்கிறார்கள்.
இறுக்க மட்டுமே செய்த போல்ட்.
கழற்ற நினைக்கிறவள் பிடிப்பதற்கு அதில் எதுவும் இல்லை.
"திருடனுக்காக லா" என்றார் பூன் கியாட்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இடம்புரியாய்ச் சுற்றும் துளைமுனை ஒன்று தந்தார்.
வலம் சுற்றி இறுகியது இடம் சுற்றினால் இளகும்.
இரண்டு இரவு. முதல் இரவில்
முனைதான் மழுங்கியது.
இரண்டாம் இரவு, மேல்மாடியில் யாரோ
ஜன்னலைத் திறந்து திட்டி முடித்த நேரத்தில்,
கையில் ஒரு சின்ன நழுவல்.
துளைத்துக்கொண்டிருந்த இரும்பு
என் பக்கமாய்த் திரும்பி வந்தது.

குழாயை உருவியபோதுதான் பார்த்தேன்,
தண்டைத் தாங்கும் புஷ் இருக்கவேண்டிய இடத்தில்
கட்டிப்பால் டின்னின் தகடு.
வெட்டி, சுருட்டி, கிரீஸ் தடவிச் செருகியது.
கிரீஸைத் துடைத்தால் பசுவின் பாதி முகம்.

முன்னூறு வெள்ளி, ஜப்பான் சாமான் என்றான்.
அந்த மாதம் யஷ்வினியின் பள்ளி வேனுக்கு
நான் கடன் சொன்னேன்.

வெட்டிய ஓரங்களைக் கை கிழிக்காதபடி
மடித்துத் தட்டியிருந்தான்.
ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.
ஆறு வருஷம், செலாயாங் சந்தைக்கு
அதிகாலை மூன்று மணி ஓட்டம் அத்தனையும்
ஆடாமல் பிடித்திருக்கிறது.
அதுதான் எரிச்சல்.
வேலை மோசமாக இருந்திருந்தால்
அங்கேயே நின்று ஏசித் தீர்த்திருப்பேன்.

புது நைலான் புஷ் பதினெட்டு வெள்ளி.
புது போல்ட்டுகளுக்கு நல்ல தடித்த தலை.
திருடன் வந்தால் வரட்டும்,
எனக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.
பேட்டரியை இணைத்ததும்
ஹாரன் அலறி இரண்டு பிளாக்கையும் எழுப்பியது.
தாபா அவசரமாய் மறுபக்கம் நடந்தார்.

சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன்.
வண்டி நேராகப் போகும்போது
அது கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
இருக்கட்டும். மறுபடி கழற்ற மாட்டேன்.
சிக்னல் மட்டும் தானாக அணைவதில்லை.
ஈப்போ சாலையில் திரும்பி முடித்து
வெகுதூரம் வந்த பிறகும்
திரும்புகிறேன் திரும்புகிறேன் என்று துடிக்கிறது.
பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.
ஒரு விரலால் நான்தான் அணைத்தேன்.